சாணை பிடித்த சாண்ட் அயர்ன்

கோல்ஃப் மட்டைக்குச் சாணை பிடித்த ஒரே பெண்பிள்ளை பம்பாயிலேயே நானாகத்தான் இருப்பேன். பெருமையடித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. வெட்கப்படவும் எனக்கு மனமில்லை. அந்த வருஷம் எனக்கு அவ்வளவு அவசரம் இருந்தது.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் செம்பூரில் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தோம். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த எனக்கு, கணவருக்கு அதிகாரி பதவி வந்ததும் கிடைத்த வீடு அது. ஒரு ஹால், இரண்டு அறை. நாங்கள் இருவர், இரண்டு குழந்தைகள், மாமியார், காலேஜில் படித்துக்கொண்டிருந்த மைத்துனன், இவ்வளவு பேர் நிரந்தரம். இதற்கு மேல், தாதரில் வந்து இறங்கும் உறவினர்கள். ஒருவர் வேலை தேடி வருவார், ஒருவர் பெண் பார்க்க வருவார், ஒருவர் கண் ஆப்பரேஷனுக்கு வருவார், எந்தக் காரணமும் இல்லாமல் வருகிறவர் அதிக நாள் தங்குவார். ஹாலில் பாய் சுருட்டாமல் கிடந்த நாள்களே அதிகம்.

யார்மேலும் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் தனியாக இருக்க வேண்டுமென்றால் அந்த வீட்டில் குளியலறை ஒன்றுதான். அங்கேயும் வாளி நிரம்புவதற்குள் கதவு தட்டப்படும். வெளியே போனாலும் அதே கதை. மார்க்கெட்டுக்கு மாமியார் துணை, கோவிலுக்குப் பக்கத்து வீட்டு மாமி துணை, மாட்டுங்காவுக்குப் போனால் இரண்டு கையிலும் குழந்தைகள். முப்பது வயது தாண்டியும், சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் நான் ஒருத்தியாக எங்கேயும் நடந்ததில்லை. இதை ஒரு குறையாக அப்போது சொல்லியிருந்தால், உடம்புக்கு என்ன என்று கேட்டு டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள். கூட இரண்டு பேர் வந்திருப்பார்கள்.

எங்கள் கம்பெனிக்குப் பக்கத்து கோல்ஃப் கிளப்பில் சில உறுப்பினர் இடங்கள் உண்டு. அதிலொன்று என் கணவருக்கு வந்தது. அவர் இரண்டு தடவை போனார். இரண்டாம் தடவை முதுகு பிடித்துக்கொண்டு, டாக்சியில் பலகை மாதிரி படுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அத்தோடு சரி. அவருடைய துண்டும் தொப்பியும் அங்கேயே தங்கிவிட, அவற்றை எடுத்துவர நான் போனேன்.

அங்கே ஒரு காட்சி. நடுத்தர வயதுப் பெண்மணி ஒருத்தி, தோளில் ஒரு சின்னப் பையும் நாலைந்து மட்டைகளுமாக, புல்வெளியின் கோடிக்குத் தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். பின்னால் யாரும் ஓடவில்லை. எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. மரங்களுக்குப் பின்னால் அவள் மறைந்த பிறகும் ஒருவரும் தேடவில்லை. எனக்கு கோல்ஃப் பைத்தியம் பிடித்தது அங்கேதான். ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த நடை எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

அதிகாரிகளின் மனைவிமாரும் ஆடலாம் என்று விதி இருந்தது. ஆனால் புதிதாகச் சேரும் பெண்கள் முதலில் பயிற்சி மைதானத்தில்தான் அடிக்க வேண்டும். பிறகு பெண்கள் பிரிவின் கேப்டன் முன்னிலையில் ஒன்பது குழிகளிலும் பந்தைப் போட்டு, மொத்தம் எழுபது தடவைக்குள் அடித்து முடித்துக் காட்ட வேண்டும். முடித்தால் ஒரு கார்டு தருவார்கள். கார்டு இருந்தால் எப்போது வேண்டுமானாலும் போகலாம், தனியாகவே ஆடலாம். இரவு சாப்பாட்டின்போது இதை என் கணவரிடம் சொன்னேன்.

"தாராளமா ஆடேன்" என்றார் அவர். "ஆனா ஒண்ணு. யாரும் ஆடாத எடத்த ஜூலைல வேற ஆபீசருக்குக் குடுத்துடுவா. அதுக்குள்ள ஒனக்கு அந்தக் கார்டு கெடச்சாகணும். அப்பறம் என்னக் கேக்காதே."

மாமியாருக்கு வேறு சந்தேகம். "ஒரு உருண்டைய நாமளே தூர அடிச்சுட்டு, நாமளே போய்த் தேடறதா? எதுக்கு அடிக்கணும்?" என்றார். இன்றுவரை இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது.

லண்டனுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மனைவி, தன் பழைய மட்டைகளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். பையோடு சேர்த்து ஆறு மட்டைகள். மார்ச் மாதம் பயிற்சி தொடங்கியது. கொசுவத்தைத் தூக்கிச் செருகி, கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு நின்றேன். மாட்டுங்காவில் கன்னிப்பெண்ணாக இருந்தபோது ரிங் டென்னிஸ் ஆடிய தோள் இது. தூர அடிகள் சீக்கிரமே கைவந்துவிட்டன. பந்து நேராகப் போனது, எனக்கே ஆச்சரியம். சங்கடமெல்லாம் குழியை நெருங்கிய பிறகுதான். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்குப் பச்சை என்று பெயர். அதற்குக் கொஞ்சம் முன்னால் பந்து கிடக்கும். அதை மெதுவாகத் தூக்கி உள்ளே போட வேண்டும். அதற்கென்றே இருக்கிற மட்டைக்கு சாண்ட் அயர்ன் என்று பெயர். முகம் வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும்.

நான் அதால் அடித்தால் பந்து எழும்பாது. டணார் என்று சத்தம் வரும், பந்து தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு பச்சையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். அங்கிருந்து திருப்பி அடித்தால் இந்தப் பக்கம் வந்துவிடும். ஒரு குழியைச் சுற்றி நான் பிரதட்சணம் செய்வதைப் பார்த்து, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், மட்டைப் பை சுமக்கிற கேடிகள் காலைத் தூக்கிக்கொள்வார்கள்.

கிளப்பில் ஒரு கோச் இருந்தார். அவரிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து. "சிர் நீச்சே, மேம்சாப்" என்பார். தலையைக் குனிந்தேன். கல்யாணமான நாளிலிருந்து குனிந்து பழகிய தலைதான், எனக்கு அதில் சிரமமே இல்லை. பந்து மட்டும் எழும்பவில்லை.

ஒரு நாள் மட்டையைக் குப்புறப் பிடித்துப் பார்த்தேன். மற்ற மட்டைகளுக்கு அடிப்பாகம் மெலிசாக இருந்தது. இதற்கு மட்டும் தடித்த வயிறு. தரையில் வைத்தால் வயிறுதான் முதலில் படுகிறது, முன்விளிம்பு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. மே மாதச் செம்பூர் மண்ணோ சுட்ட செங்கல் மாதிரி. வயிறு மண்ணில் மோதி எகிறும், எகிறிய விளிம்பு பந்தின் நடுமண்டையில் போய் இடிக்கும். ஆகவே குற்றம் என் தலையில் இல்லை, மட்டையின் வயிற்றில்தான் என்று தீர்மானித்தேன். அந்த வயிற்றுக்கு பௌன்ஸ் என்று ஒரு பெயர் இருக்கிறது, அதை வேண்டுமென்றுதான் வைக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. செய்தவன் அலட்சியமாகச் செய்துவிட்டான் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை தோசை வார்க்கும்போது வழி தெரிந்துவிட்டது. தோசைத் திருப்பியின் விளிம்பு மழுங்கிப்போனால் என்ன செய்வோம்? தோசைக்கு அடியில் போகாமல் அது தோசையைக் கிழிக்கும். சாணை பிடித்துக்கொண்டு வருவோம். விளிம்பு மெலிந்ததும் வழுக்கிக்கொண்டு அடியில் போய்த் தூக்கிவிடும். கோல்ஃப் மட்டை மட்டும் என்ன ஒசத்தி?

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒருவர் சின்னப் பட்டறை வைத்திருந்தார். நாசரேத் பக்கத்துக்காரர், கிறிஸ்தவர். மில்களுக்கு உதிரி சாமான் கடைவது தொழில். என் பிறந்த வீட்டுத் தெருவில் இருந்த அத்தனை அரிவாள்மணையும் தோசைத் திருப்பியும் அவர் கல்லில்தான் கூர் தீட்டப்படும். குழந்தைகளைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு மட்டையோடு அங்கே போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னக்கா இது? மம்பட்டியும் இல்ல, கரண்டியும் இல்ல. எதுக்குள்ளது?"

"பந்து அடிக்கறது. இந்த அடிவயத்த எடுத்துடணும். வெளிம்பு தோசைத் திருப்பி மாதிரி ஆயிடணும்."

"வயிறு பெருசால்லா இருக்கு" என்று ஒத்துக்கொண்டார். "சவம், எவனோ பாதி வேலையில விட்டுட்டுப் போயிருக்கான். கவலப்படாதீங்கக்கா. ஏக்தம் பாரீக்கா, மெலிசா ஆக்கிருவோம்."

சாணைக்கல் சுற்றியது. தீப்பொறி பறந்தது. பளபளத்த பூச்செல்லாம் கரைந்து, வெறும் இரும்பு வெளியே வந்தது. அவர் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் தேய்த்தார். நானும் தடவிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் என்றேன். இருவருக்கும் வேலையில் அப்படியொரு திருப்தி. திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் மட்டையைப் பார்த்துவிட்டு எனக்கு எதிர் சீட்டைக் காலியாக வைத்திருந்தார்.

அதன்பிறகு அந்த மே மாதம் முழுக்க எனக்குத் தீபாவளிதான். காய்ந்த மண்ணில், மெலிந்த விளிம்பு பந்துக்கும் தரைக்கும் நடுவே நுழைந்து சுகமாகத் தூக்கியது. பந்து எழும்பி, யோசித்து, பச்சையில் இறங்கி உட்கார்ந்தது. கேடிகள் காலைத் தொங்கவிட்டு உட்கார ஆரம்பித்தார்கள். கோச் தன் மருந்து வேலை செய்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். நான் மறுக்கவில்லை. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க இரவில் தேங்காயெண்ணெய் தடவி வைத்தேன். என் தலைக்குக்கூட அவ்வளவு ஒழுங்காகத் தடவியதில்லை.

அப்போதே பரீட்சை நடந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தேறியிருப்பேன். ஆனால் பரீட்சை வைக்க வேண்டிய கேப்டன், வெயிலுக்குப் பயந்து மகாபலேஷ்வருக்குப் போயிருந்தார். பார்சிப் பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர். அவர் மலையிறங்கி வந்தார். கூடவே மழையும் வந்தது.

பம்பாய் மழை தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் செங்கல் களியாகிவிட்டது. ஜூன் கடைசியில் ஒரு நாள் காலை, மழை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், என்னை வரச் சொன்னார்கள். அடுத்த பரீட்சை மழைக்காலம் முடிந்துதான். அதற்குள் எங்கள் இடம் கைமாறிவிடும். அன்று விட்டால் அந்த நடையை மறந்துவிட வேண்டியதுதான். காலையில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் குழி. தூர அடிகள் நன்றாகவே விழுந்தன. பச்சைக்குச் சற்று முன்னால் பந்து கிடந்தது. என் அருமை சாண்ட் அயர்னை எடுத்தேன். தலையைக் குனிந்தேன். வீசினேன். விளிம்பு பந்துக்குப் பின்னால் மண்ணுக்குள் சதக்கென்று இறங்கி, அப்படியே நின்றுவிட்டது. கை வலித்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, ஒரு கட்டி சேற்றைத் தலையில் வைத்துக்கொண்டு. மட்டையை இரண்டு கையாலும் பிடுங்க வேண்டியிருந்தது. திரும்ப அடித்தேன். திரும்பவும் நடவு.

இரண்டாவது குழியிலும் மூன்றாவது குழியிலும் இதே விவசாயம். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. என்மேல், மழைமேல், மகாபலேஷ்வர்மேல். மூன்றாவது குழி முடிந்ததும் கேப்டன் குடையை இடுக்கிக்கொண்டு, மட்டையைக் காட்டு என்று கையை நீட்டினார். அவர் பேசியது இங்கிலீஷும் ஹிந்தியும் குஜராத்தியும் கலந்து. நான் தமிழில் சொல்கிறேன்.

"டீக்ரீ, மகளே, இதை யார் ஷேவ் பண்ணிவிட்டது?"

சொன்னேன். லேபர் கேம்ப், சாணைக்கல், தோசைத் திருப்பி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சிரித்தார். மழைக்கு ஒதுங்கியிருந்த கேடியும் விஷயம் புரியாமலே கூடச் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "அடிப் பைத்தியமே, அந்த வயிறு இருப்பதே இதுமாதிரி ஈர மண்ணுக்கும் மணலுக்கும்தானே. வயிறு இருந்தால் மட்டை மிதக்கும். நீ கத்தி பண்ணி வைத்திருக்கிறாய், கத்தி வெட்டத்தானே செய்யும்?" என்றார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, என் அடிகளைக் குறித்துவந்த தாளைப் பார்த்து, "இனி கஷ்டம்தான். நிறுத்திக்கொள்கிறாயா?" என்று கேட்டார்.

நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனால் ஹாலில் மதுரையிலிருந்து வந்த நாலு பேர் காப்பிக்குக் காத்திருப்பார்கள். "இல்லை" என்றேன்.

நாலாவது குழிக்கு நடக்கும்போது அவர் சொன்னதையே மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். வயிறு இருந்தால் மிதக்கும். தோசைக்கல்லில் ஈர மாவை எதால் பரப்புகிறோம்? திருப்பியாலா? அதை மாவில் வைத்தால் கீறிக்கொண்டு அடிவரை போய்விடும். கரண்டியின் முதுகால் அல்லவா பரப்புகிறோம், அந்த உருண்டை முதுகு மாவின்மேல் வழுக்கிக்கொண்டே வட்டம் போடுகிறது. வெந்த தோசைக்கு ஒன்று, பச்சை மாவுக்கு ஒன்று. இருபது வருஷமாகத் தினமும் செய்கிற காரியம். பாதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடியிருக்கிறேன்.

என் பையில் கரண்டி முதுகு உள்ள மட்டை எது என்று தேடினேன். ஒன்று இருந்தது. தூர அடிப்பதற்கான குட்டை மரமட்டை, நாலாம் நம்பர் வுட். அதன் அடி அகலமாக, வழவழவென்று, உருண்டையாக இருந்தது.

"இதால் பக்கத்து அடி அடிக்கலாமா? விதியில் தடை உண்டா?" என்று கேட்டேன்.

"குடைக்கம்பியால் மட்டும் அடிக்கக் கூடாது" என்றார் கேப்டன்.

பிடியை நன்றாகக் கீழே இறக்கிப் பிடித்து, பெருக்குகிற மாதிரி மெதுவாகத் தள்ளினேன். மரமட்டை சேற்றின்மேல் ஒரு சத்தமும் இல்லாமல் வழுக்கிப் போனது. பந்து ஒரு சின்னக் குதி குதித்து, உருண்டு, உருண்டு, பச்சையைத் தாண்டிப் போய்விட்டது. பரவாயில்லை, போனதே பெரிது. அடுத்த குழியில் இன்னும் மெதுவாகத் தள்ளினேன். அதற்கடுத்ததில் குழியில் நட்டிருந்த கொடிக்கம்பத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் நின்றது. கேடி "ஷாபாஷ்" என்றான். மணல் பள்ளத்தில் மட்டும் விழுந்திருந்தால் மரமட்டையால் ஒன்றும் செய்திருக்க முடியாது. விழவில்லை. பிள்ளையார் தேங்காய்க்கு முழுநேர வேலை பார்த்தார்.

கடைசிக் குழிக்கு வந்தபோது கேப்டன் அடிக்கணக்குத் தாளைப் பார்த்தார், சொல்லி என்னைக் கலவரப்படுத்த விரும்பாதவர்போல வானத்தைப் பார்த்தார். எனக்கும் கணக்குத் தெரியும். பச்சைக்கு வெளியே, நீர் கசிகிற புல்லில் பந்து கிடந்தது. இன்னும் மூன்றே தடவைதான் நான் அடிக்கலாம். மரமட்டையை மெதுவாகத் தள்ளினேன். உருண்டு போய்ப் பாதியில் நின்றுவிட்டது. அங்கிருந்து நீளமான ஓர் உருட்டு. குழிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அந்த ஒரு முழத்தை நான் உருட்டியபோது மூச்சு விட்டேனா என்று தெரியாது. பந்து விளிம்பில் தயங்கிவிட்டு உள்ளே விழுந்தது.

கேப்டன் குடையைச் சுருக்கி, நனைந்துகொண்டே கையெழுத்துப் போட்டுக் கார்டைக் கொடுத்தார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் உடம்பெல்லாம் என் சேறு.

அந்த வாரமே பட்டறைக்காரரிடம் போய்ச் சமாசாரத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அவ்வளவுதானக்கா? அறுத்தா ஒட்ட முடியாதா? வெல்டிங் எதுக்கு இருக்கு? வயித்த முன்னவிடப் பெருசா வச்சித் தாரேன்" என்று கையை நீட்டினார். மட்டையைப் பின்னால் மறைத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். கேப்டன் தன் பழைய சாண்ட் அயர்ன் ஒன்றைத் தந்தார், நல்ல தொந்தியோடு. அதிலிருந்து மழைக்குத் தொந்தி, வெயிலுக்குக் கத்தி என்று இரண்டு வைத்துக்கொண்டேன். எந்த மண்ணுக்கு எவ்வளவு வயிறு என்று இப்போது புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். காலால் தரையை ஒரு மிதி மிதித்துப் பார்த்தால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

முதல் தடவை தனியாகப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, நாலு மட்டைகளை மட்டும் பையில் போட்டுக்கொண்டேன். கேடி வேண்டாம் என்றேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது, கிளப்பில் ஈ காக்காய் இல்லை. முதல் இரண்டு குழிகளில் அடிகளை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை. கோடியில், மரங்களுக்கு அந்தப் பக்கம், பின்னால் திரும்பிப் பார்த்தேன். கிளப் கட்டிடம் தெரியவில்லை. என்னைத் தெரிந்த ஒரு முகம் கண்ணுக்கெட்டிய தூரம் கிடையாது. மட்டையைத் தரையில் போட்டுவிட்டு அப்படியே நின்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை, அன்று கூட்டம் அதிகம்.

தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தேன். மாமியார் வாசலிலேயே துண்டோடு நின்றிருந்தார்.

"கூட யாரு வந்தா?"

"யாரும் வரலை."

திட்டு விழும் என்று எதிர்பார்த்துத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார்.

"ஒத்தருமேயா?" என்றார். "அவ்வளவு நேரமுமா?"

பதினாலு வயதில் கூட்டுக் குடும்பத்துக்குள் நுழைந்து, பந்தி பந்தியாகப் பரிமாறியவர் அவர். அந்தக் குரலில் இருந்தது பொறாமை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நாளைக்கு மழை விட்டா நீங்களும் ஒரு நடை போயிட்டு வாங்கோம்மா. நீங்க மட்டும். சமையல நான் பாத்துக்கறேன்."

"எங்க போறது? எனக்கு எடமே தெரியாதேடி."

மறுநாள் பதினோரு மணி வாக்கில் அவர் குடையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் படியிறங்கினார். திரும்பி வருவதற்குள் சாதம் ஆறிவிட்டது. புடவைக் கரையெல்லாம் சேறு. கையில் யாரோ விற்ற மல்லிகைச் சரம். மைத்துனன் ஹாலிலிருந்து எழுந்து வந்து, "எங்கம்மா போயிருந்தே இவ்வளவு நேரம்?" என்று ஆரம்பித்தான். நான் அவனைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, கையில் ஒரு தேங்காயைக் கொடுத்துத் துருவச் சொன்னேன்.